கியர்பாக்ஸ் எங்கே கசிகிறது? சேலம், ஏற்காடு வண்டிக்காரர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டிக்காரன்:

பழைய ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்டிகோ டைல்ஸில் சிவப்புச் சொட்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து விழுகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் முன் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலியும் பேசி, பட்டறையில் நாளும் குறித்துவிட்டார்கள்.

இடையில் வீல் அலைன்மெண்டுக்காக ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். ஏற்காட்டிலிருந்து நேராக இறங்கி வந்திருந்ததால் வண்டி நல்ல சூட்டில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழியில் நின்றிருந்த பையன், "அண்ணா, கொஞ்சம் இறங்கி வந்து பாருங்கள்" என்றான். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் குழாயில், ரப்பரும் இரும்பும் சேரும் இடத்தில் ஓர் உலோக வளையம் இருக்குமே, அதைச் சுற்றி ஈரம். டார்ச் வெளிச்சத்தில் ஒரு துளி திரண்டது. இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடியது. பெல் ஹவுசிங் விளிம்பில் போய்த் தொங்கியது. எஞ்சினை அணைத்ததும் வளையத்தில் புதிதாக எதுவும் ஊறவில்லை. அடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹோஸை மாற்றியதோடு சரியாகிவிட்டது. எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. அத்தனை பேரும் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் அடியில் பார்த்தார்கள். அழுத்தம் இல்லாத குழாய் எதைக் காட்டும்? பெல் ஹவுசிங்கின் சிறிய மூடியைக் கழற்றி உள்ளே ஈரமா என்று பார்க்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. முன் சீல் போயிருந்தால் உள்ளே நனைந்திருக்கும். என் வண்டியில் உள்ளே தூசிதான் இருந்தது.

நாகலூர் சாலை:

என் கதை நேர் எதிர். சேலத்தில் ஒரு பட்டறையில் இரவு முழுக்க வண்டியை நிறுத்தி, அடியில் அட்டை விரித்து வைத்தார்கள். காலையில் அட்டை வெள்ளை வெளேர் என்று இருந்தது. "கசிவே இல்லை சார், பழைய கறைதான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏற்காட்டில் எங்கள் வீட்டு முற்றம் சரிவு. வண்டி மேடு பார்த்துதான் நிற்கும். அதற்குக் கீழே காபி உலர்த்தும் களம். அன்று காலை அப்பா களத்தில் நின்று என்னைக் கூப்பிட்ட குரலை மறக்க முடியாது. சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கி, பரப்பியிருந்த காபிக் கொட்டைக்குள் நுழைந்திருந்தது. காபி பக்கத்து வாடையைக்கூட இழுத்துக்கொள்ளும் சரக்கு. எண்ணெய் பட்டால் கேட்கவே வேண்டாம். ஓரத்துக் குவியலை அப்படியே அள்ளிக் கொட்டினோம்.

முன்பக்கம் உயர்ந்து நின்றால் உள்ளே இருக்கும் ஆயில் எல்லாம் பின்னால் சாயும். சக்கரங்களுக்குச் சுழற்சி போகும் பின்பக்கத்து அவுட்புட் ஷாஃப்ட்டின் சீல் அதில் மூழ்கிக் கிடக்கும். சமதளத்தில் ஆயில் மட்டம் அதற்குக் கீழே இருந்துவிடுகிறது, அதனால் அட்டை நனையவில்லை. பம்ப் பழுது பார்க்க மேலே வந்த மெக்கானிக் ஒருவர் போகிற போக்கில் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. அதை உள்ளே தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தது. சீலை மட்டும் மாற்றினால் ஆடுகிற ஷாஃப்ட் அதையும் தின்றுவிடும் என்று இரண்டையும் மாற்றச் சொன்னார். மலை ஊர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சோதித்துவிட்டு என் மேல் சந்தேகப்பட்டார்களே, அதுதான் ஆறவில்லை.

சூரமங்கலம் பழைய ஆள்:

அஸ்தம்பட்டி நண்பர் எழுதியதை நம்பி யாராவது ஜாக்கியில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு அடியில் படுத்துவிடாதீர்கள். உயிர் போகும். பட்டறைக்காரர்கள் அணைத்துப் பார்த்ததில் பாதி நியாயம் இருக்கிறது.

என் அனுபவம் சிறியது. சிவப்பு ஆயில் என்று பதறிப் பார்த்தால் கசிந்தது பவர் ஸ்டீயரிங் ஹோஸ். பல பழைய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) தான் ஊற்றுவார்கள். நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. சில கூலண்ட்கூடச் சிவப்புதான். தொட்டுப் பாருங்கள். கூலண்டில் தண்ணீர்த்தன்மை இருக்கும், ஏ.டி.எஃப். வழவழப்பாக இருக்கும்.

முறை என்னவென்றால், முதலில் அடிப்பாகம் முழுவதையும் டிகிரீசர் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். பல மாத அழுக்கில் புதுக் கசிவைத் தேடுவது வீண் வேலை. காய்ந்தபின் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். நனைந்த இடம் கோடாகத் தெரியும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னே என்று பாருங்கள். கசிவு அங்கேதான் தொடங்குகிறது. அப்படியும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது, புற ஊதா டார்ச் அடித்தால் பச்சை மஞ்சளாக ஒளிரும். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டின் (பேன்) கேஸ்கெட்டில் கசிகிறது என்று போல்ட்டை இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். தகட்டின் விளிம்பு வளைந்துவிட்டால் புதுக் கேஸ்கெட்டும் நிற்காது. மலையேறும்போது டி-யில் (டிரைவ்) போட்டு ஏனோதானோ என்று போகாமல் கீழ் கியரில் வைத்து ஏறுங்கள். மெதுவாக ஏறும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கித்தான் ஆயில் கொதிக்கிறது, சீல் எல்லாம் கருகுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு சும்மா இல்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:

ஐயா, நான் எழுதியது குழி. ஜாக்கி என்று எங்கும் எழுதவில்லை. டி-யில் போட்டு ஏறினேன் என்றும் சொல்லவில்லை.

கன்னங்குறிச்சி:

மே மாதம், கோடை விழாக் கூட்டம், அடிவாரத்திலிருந்தே வரிசை. குளிர்சாதனம் ஓட, ஊர்ந்து ஊர்ந்து ஏறினோம். லேடீஸ் சீட் பக்கம் நிறுத்தியதும் பானெட் ஓரமாகப் புகை. பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, "என் அடுப்புப் புகை இல்லை சாமி, உங்கள் வண்டியில்தான் வருகிறது" என்றார். குழந்தைகளை இறக்கிவிட்டுப் பார்த்தால் கியர்பாக்ஸின் தலையிலிருந்தே ஆயில் வழிந்து சைலன்சர் குழாயில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. சீல், கேஸ்கெட் எதுவும் போகவில்லை. உள்ளே காற்று போய்வர வைத்திருக்கும் பிரீதர் துளை வழியாகப் பொங்கியிருக்கிறது.

சில நாட்களுக்கு முன் சர்வீஸ் செய்தவர்கள் வண்டி குளிர்ந்திருக்கும்போது ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பார்த்து, குறைகிறதே என்று சூடான வண்டிக்கு உரிய கோடு வரை ஊற்றிவிட்டார்கள். சூடேறினால் ஆயில் விரியும், அளவு கூடினால் நுரைக்கும். கூடுதலை உறிஞ்சி எடுத்தபின் இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. ஆனால் அந்தப் பட்டறை கேஸ்கெட் செட்டுக்கு விலைப்பட்டியல் கொடுத்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

சூரமங்கலம் பழைய ஆள்:

எஞ்சின் ஓடும்போதுதான் டிப்ஸ்டிக் பார்க்க வேண்டும். இதுகூடத் தெரியாதவர்களிடம் வண்டியை விட்டால் இப்படித்தான்.

கன்னங்குறிச்சி:

எல்லா வண்டிக்கும் அப்படி இல்லை ஐயா. டிப்ஸ்டிக் உள்ள பழைய ஹோண்டாக்களில் சூடேற்றி, அணைத்து, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்கிறார்கள். சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு.

அம்மாபேட்டை:

எங்கள் சந்தில் வண்டியைத் திருப்ப முடியாது. காலையில் சந்து முழுக்க ரிவர்ஸிலேயே வெளியே வர வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் போட்ட கோலத்தின் நடுவில் ஒரு நாள் சிவப்புச் சொட்டு. மறுநாளும் அதே இடத்தில். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவர் வாசலில் உட்கார்ந்து அழ, தெருவே கூடிவிட்டது. நான் குனிந்து விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். என் வண்டி ஆயில்.

விசித்திரம் என்னவென்றால் வீட்டு வாசலில் சொட்டுவதில்லை, ரோட்டிலும் இல்லை, ரிவர்ஸில் வரும் அந்தச் சந்தில் மட்டும்தான். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் ரிவர்ஸ் கியரில் உள்ளழுத்தம் மற்ற கியர்களைவிட அதிகம் என்பதைப் பிறகுதான் ஒருவர் சொன்னார். முன்பு அழுத்தம் அளப்பதற்காகக் கழற்றிய சிறு பிளக்கில் பழைய வாஷரையே திரும்பப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். சாதாரண அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறது, ரிவர்ஸில் விட்டுக்கொடுத்திருக்கிறது. புது வாஷர் போட்டதும் நின்றது. எதிர்வீட்டு அம்மாளிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று என் வண்டியிலேயே எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார்.

சூரமங்கலம் பழைய ஆள்:

வாஷர் செம்பா அலுமினியமா என்று எழுதவில்லையே. முடுக்கும்போது ஒரு முறை நசுங்கிவிட்டால்...

அஸ்தம்பட்டிக்காரன்:

ஐயா, அவர் வண்டி இப்போது கசியவில்லை.