பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற கடற்கரை விடுதி: உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு 13 வயதில் மகளும் 16 வயதில் மகனும் இருக்கிறார்கள். கடலோர விடுதி ஒன்றில் 5 நாள் தங்க விரும்புகிறோம்.

சென்ற முறை தங்கிய இடத்தில் விளையாட்டுக் கூடம் 12 வயது வரைக்கும்தான். மகள் வாசல் பலகையைப் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மகன் நன்றாக நீந்துவான். ஆனால் குளம் வேறு, கடல் வேறு. கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச்செல்லும் இழுப்பு நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தாதே, கரைக்கு இணையாக நீந்து என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தாலும், சிவப்பு மஞ்சள் கொடி நட்டு உயிர்காப்பாளர் நிற்கும் கரையாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. விடுதிப் படங்களில் நீச்சல்குளம்தான் தெரிகிறது, கரையின் சரிவு தெரிவதில்லை.

உள்கதவால் இணைந்த இரண்டு அறைகள் கிடைக்குமா, ஸ்கூபா (மூச்சுக்கருவியோடு நீருக்கடியில் நீந்துவது) அல்லது அலைச்சறுக்குப் பயிற்சி அங்கேயே உண்டா, பிள்ளைகள் தனியாக நடந்துபோய்வர அக்கம்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதையெல்லாம் முன்பதிவுக்கு முன் எப்படி உறுதிசெய்துகொண்டீர்கள்? இந்த வயதுப் பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகள் மறுபடி போகலாம் என்று கேட்ட இடம் எது?