ஐ.பி. மனு போட்ட பிறகும் வசூல்காரர் வருகிறாரா? அனுபவப் பகிர்வு

ஈரோடு, வக்கீல் குமாஸ்தா:

மனு போட்ட மறுநாளே வாசலில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள் என்று நம்பித்தான் நிறையப் பேர் ஐ.பி., அதாவது கடனைக் கட்ட முடியாதவர் கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு, போடுகிறார்கள். அது நடக்காது. மாவட்டங்களில் நாம் போடும் மனு 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின் கீழ் வருவது. சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே மனு ஹைகோர்ட்டில். 1920 சட்டத்தின் 28-ஆம் பிரிவுதான் கடன் கொடுத்தவர் கையைக் கட்டுகிறது. கோர்ட் அனுமதி இல்லாமல் அவர் புதிதாக வழக்குப் போடவோ சொத்து மேல் கைவைக்கவோ முடியாது. ஆனால் "இவர் திவாலானவர்" என்று உத்தரவு வந்த பிறகுதான் அந்தக் கட்டு. உத்தரவு வந்துவிட்டால் அதன் பலன் மனு தாக்கலான தேதிக்குப் பின்னோக்கிப் போகும், உண்மைதான். ஆனால் தாக்கலுக்கும் உத்தரவுக்கும் நடுவில் மாதக்கணக்கில் வாய்தா ஓடும். ஏஜெண்ட் வருவது அந்த இடைவெளியில்தான். அப்போது என்ன கொடுக்கிறோம், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை வைத்துத்தான் மனு நிற்பதும் விழுவதும்.

வாசலில் நிற்பவரிடம் சொல்ல வேண்டியது ஐ.பி. நம்பரும் கோர்ட் பெயரும் மட்டும். நம்பர் ஆகாத மனுவைக் காட்டிப் பயனில்லை. பேப்பரில் குறை இருந்தால் ரிட்டர்ன் ஆகும், சரிசெய்து திரும்பப் போட்ட பிறகே நம்பர் விழும்.

ரிட்டர்ன் ஆக முக்கியக் காரணம் கடன் பட்டியல். யாருக்கு எவ்வளவு, அவர் விலாசம் என்ன, உங்கள் சொத்து என்ன, எங்கே இருக்கிறது, மதிப்பு என்ன என்று எல்லாம் வேண்டும். முன்பு ஐ.பி. போட்டதுண்டா என்றும் சொல்ல வேண்டும். செயலிக் கடன் என்றால் செயலியின் பெயரை எழுதாதீர்கள். செயலிக்குப் பின்னால் இருந்து கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பதிவுப் பெயர் வேண்டும், அது சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாறு) இருக்கும். வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். வங்கி உங்கள் கடனைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் இரண்டு பெயரையும் சேருங்கள். விட்டுப்போன பெயர்க்காரருக்கு நோட்டீஸ் போகாது. நோட்டீஸ் போகாதவர், தனக்குத் தெரியவே தெரியாது என்று பிறகு நிற்பார். பேட்டா (நோட்டீஸ் அனுப்பக் கோர்ட்டில் கட்டும் கட்டணம்) கட்டாமல் விட்டாலும் நோட்டீஸ் போகாது, மனுவே டிஸ்மிஸ் ஆகிவிடும்.

வங்கி வசூல் பிரிவில் இருந்து ஓய்வு:

மேலே சொன்னது கோர்ட் பக்கம். போன் தொல்லைக்குக் கோர்ட் பாதுகாப்பு உத்தரவும் உதவாது. 1920 சட்டத்தின் 31-ஆம் பிரிவில் கிடைப்பது கைதிலிருந்து பாதுகாப்பு மட்டுமே. தொல்லையை நிறுத்த ரிசர்வ் வங்கி விதிகள்தான் வழி.

ஏஜெண்ட் வந்ததும் மூன்று காகிதம் கேளுங்கள்: அடையாள அட்டை, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம், உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல். மூன்றையும் அவர் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2008-லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. கடனை எந்த ஏஜென்சியிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று வங்கியே உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கைப்படி காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது. விடாமல் அழைப்பது, பெயர் சொல்லாமல் மிரட்டுவது, சொந்தக்காரர் நண்பர் முன்னால் அவமானப்படுத்துவது எல்லாமே விதிமீறல்.

பலருக்குத் தெரியாத ஒன்று: புகார் நிலுவையில் இருக்கும்போது, அது தீரும்வரை கடனை வசூல் ஏஜென்சிக்கு அனுப்ப வேண்டாம் என்றும் அதே 2008 சுற்றறிக்கை வங்கிகளுக்குச் சொல்கிறது. வீண் புகார் என்று ஆதாரம் இருந்தால் மட்டும் விலக்கு. ஆகவே போனில் சண்டை போடாமல் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடன் எண், எந்த நம்பரிலிருந்து, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை என்று வரிவரியாக இருக்கட்டும். "தொடர்ந்து தொல்லை தருகிறார்கள்" என்று மொத்தமாக எழுதினால், "எங்கள் பணியாளர் கண்ணியமாகவே பேசினார்" என்று ஒரே வரியில் பதில் வந்து முடிந்துவிடும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரத்துக்கு 14448.

இன்னொன்று, சம்பளக் கணக்கும் கடனும் ஒரே வங்கியில் இருந்தால் முதலில் சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுங்கள். ஏஜெண்டை அனுப்பாமலேயே நிலுவைக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

மதுரை, வழக்கறிஞர்:

"ஒரு ஐயாயிரமாவது போடுங்க, மேலிடத்தில் சொல்லிக் கேஸை நிறுத்துறேன்" என்பதுதான் வசூல்காரரின் பழைய பாட்டு. ஐ.பி. போடப்போகிறவர் இதில்தான் மாட்டுகிறார். 1920 சட்டத்தின் 54-ஆம் பிரிவைப் பாருங்கள். கடனைத் தீர்க்க முடியாத நிலையில், மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டும் நோக்கத்தில் பணம் கொடுத்திருந்தால், ரிசீவர் (திவாலானவர் சொத்தைக் கவனிக்கக் கோர்ட் நியமிப்பவர்) கேட்டுக் கோர்ட் அதைச் செல்லாததாக்க முடியும். மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தது சலுகை ஆகாது என்று வாதாடலாம், நோக்கம்தான் கேள்வி. ஆனால் அதை நிரூபிக்க மிரட்டிய ஆதாரம் வேண்டும். மச்சானிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் ரகசியமாகத் திருப்பிக் கொடுத்தவருக்கு அந்த வாதமும் இல்லை.

இதைவிட ஆபத்து, வீட்டை மனைவி பெயருக்குத் தானமாக எழுதிவைப்பது. எழுதிய இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுத் திவால் உத்தரவும் வந்தால், 53-ஆம் பிரிவில் அது ரத்தாகலாம். சொத்தையோ கணக்கையோ மறைத்தது தெரிந்தால் 69-ஆம் பிரிவில் ஒரு வருடம் வரை சிறை. "ஐ.பி. போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மாத்திடு" என்று ஊரில் அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் ரிசீவர் முன்னால் கூட நிற்கமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸ்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அழைப்பு வாரண்ட் அல்ல. போகலாம், போகாமலும் இருக்கலாம். போனால் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், அங்கே எழுதிய சமரசம் கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணை) சமம், அப்பீல் கிடையாது. ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) நோட்டீஸைக் குப்பையில் போடாதீர்கள். ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்தாலும் அதை டிகிரி போலவே நிறைவேற்றலாம். கடன் கொடுத்தவரே தனியாக ஆர்பிட்ரேட்டரை நியமித்திருந்தால், ஆரம்பத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்கள். "நாளைக்குப் போலீஸ் வரும்" என்பது வெறும் சத்தம். கடன் கட்டாதது மட்டுமே குற்றம் ஆகாது.

செக் பவுன்ஸ் மட்டும் வேறு கதை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வரும் அந்த வழக்கை ஐ.பி. நிறுத்தாது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் நீங்கள் கட்ட வேண்டும். செக்யூரிட்டிக்கு என்று வெற்றுச் செக் கொடுத்தவர்கள் வக்கீலிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் அதே மாதிரிக் குற்றவழக்குக்கு வேறொரு சட்டத்தில் இடமுண்டு.

திண்டுக்கல், மகளிர் குழுக்களோடு வேலை:

குழுக் கடனுக்கு விதி இன்னும் இறுக்கம். 2022 ஏப்ரல் 1 முதல் நுண்கடன் வசூலுக்கு நேரம் காலை 9 முதல் மாலை 6 வரைதான். பேசிவைத்த பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் மட்டுமே வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். முதல் தவணை தவறியதுமே வாசலில் உட்காரும் ஆளிடம் இதைச் சொல்லுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடுவார்.

ஐ.பி.யால் நீங்கள் மட்டும்தான் விடுபடுவீர்கள். ஜாமீன் போட்டவரும், சேர்ந்து கையெழுத்திட்டவரும் மாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். மனு போடுமுன் அந்த அக்காக்களிடம் பேசிவிடுங்கள். அடகு நகை, வீட்டுக் கடன் போன்ற ஈட்டுக் கடனுக்கும் ஐ.பி. தடையில்லை, ஏலம் போடலாம்.

மீட்டர் வட்டி, தண்டல் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கி விதி ஏறாது. அவர்களுக்கு 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம், புகார் போலீஸில். அந்தக் கடனையும் பட்டியலில் சேருங்கள், வாங்கிய அசல் எவ்வளவு, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாக.

செயலிக்காரர்கள் படத்தை மாற்றி அனுப்புவது, போனில் உள்ள நம்பர்களுக்கெல்லாம் செய்தி போடுவது வசூலே அல்ல. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.

ஈரோடு, வக்கீல் குமாஸ்தா:

இரண்டு விஷயம் விட்டுப்போச்சு. "புதுத் திவால் சட்டத்தில் 35,000 ரூபாய் வரை சின்னக் கடன் தள்ளுபடி, நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். 2016 சட்டத்தில் அந்தப் பகுதி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் நடைமுறைக்கு வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்ட தனிநபர்களுக்கு மட்டும், 2019 டிசம்பர் 1 முதல்.

அடுத்தது, திவால் உத்தரவிலேயே டிஸ்சார்ஜ் (கடன்களிலிருந்து விடுவிப்பு) கேட்க ஒரு கெடு போட்டிருப்பார்கள். உத்தரவு கைக்கு வந்ததும் அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள், வக்கீல் ஞாபகப்படுத்துவார் என்று இருக்காதீர்கள். கெடுவுக்குள் மனு போடாவிட்டால் 43-ஆம் பிரிவில் உத்தரவே ரத்தாகும், கடன் கொடுத்தவர்கள் திரும்ப வரலாம். டிஸ்சார்ஜ் கிடைக்கும்வரை 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால்கூட, "நான் திவாலானவன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கினால் 72-ஆம் பிரிவில் குற்றம். தொகை அந்தக் காலத்தது, இன்னும் மாற்றவில்லை. மளிகைக் கடைப் பற்று நோட்டும் இதில் சேர்த்திதான்.