பழ ஈக் கருவில் படியெடுப்பு: இலாங்கேஷன் ரேட்டுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை வகுப்புக்குக் கையேடு எழுதுகிறேன். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. படி உருவாவதுதான் படியெடுப்பு. "படியெடுப்பு வேகம்" என்றால் இரண்டு பொருள் வருகிறது. படியெடுக்கும் நொதிகளான பாலிமரேஸ்கள் எவ்வளவு அடிக்கடி கிளம்புகின்றன என்பது ஒன்று, கிளம்பியது டி.என்.ஏ. மேல் எவ்வளவு விரைவாகப் போகிறது என்பது இன்னொன்று. எனக்கு வேண்டியது இரண்டாவது, அதுதான் இலாங்கேஷன் ரேட். 2013இல் ஹஞ்ச்பேக் மரபணுவை வைத்து உயிருள்ள பழ ஈக் கருவில் அளந்தபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 நியூக்ளியோடைடு (இழையின் ஓர் அலகு) என்று வந்தது. "நீள்வேகம்" எனலாமா?

---

> "நீள்வேகம்" எனலாமா?

கூடாது ஐயா. அது வினைத்தொகை, நீள்கின்ற வேகம் என்றே பொருள்படும். நீள்வது ஆர்.என்.ஏ. இழையல்லவா? அதை நீட்டுவது பாலிமரேஸ். ஆகவே பிறவினையில் "நீட்டல் விரைவு" என்க. வேகம் வடசொல். படியெடுப்பு மட்டும் அருமையான சொல். ஓர் ஏட்டைப் பார்த்து இன்னோர் ஏடு எழுதியதைத்தானே படியெடுத்தல் என்றார்கள்! அந்தப் படிக்கும் முகத்தலளவைப் படிக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

---

நீட்டல் என்றதும் எனக்கு நீட்டலளவைதான் நினைவுக்கு வருகிறது. அப்புறம் செய்யுள் விகாரம். மாணவருக்கு வேகம் தெரியும், அதை ஏன் பறிக்க வேண்டும்? இன்னொன்று: ஈழத்துப் பாடநூல்களில் கரு என்பது நம் உட்கரு, நம் கரு அங்கே முளையம். தலைப்பையே அங்குள்ளவர்கள் வேறாகப் படிப்பார்கள். முளையம் என்றே எழுதுங்கள்.

---

முளையம், ஏற்கிறேன். அளக்கும் முறையைச் சொன்னால் சொல் கிடைக்கலாம். மரபணுவின் தலைப்பகுதியில் எம்.எஸ்.2 கண்ணிகளை (ஆர்.என்.ஏ.வில் ஒளிரும் புரதம் ஒட்டிக்கொள்ளும் வளையங்களுக்கான வரிசை) வைத்தால் ஒளிப்புள்ளி சீக்கிரம் தெரியும். வால்பகுதியில் வைத்தால் தாமதமாகும். இடைத்தொலைவை அந்தத் தாமதத்தால் வகுக்கிறோம். ஓடுதளத்தில் நேரம் குறிப்பது போலத்தான். முளையத்தில் உட்கருக்கள் சுற்றுச் சுற்றாகப் பிரிகின்றன; அதில் 13ஆம் உட்கருச் சுழற்சி ஏறத்தாழக் கால்மணி நேரம். 77,000 நியூக்ளியோடைடு நீளமுள்ள அல்ட்ராபைத்தோராக்ஸ் மரபணுவை இந்த வேகத்தில் முடிக்க 50 நிமிடம் வேண்டும். பாதியில் உட்கரு பிரிந்துவிடும், படி வீணாகும். ஓட்டம்தான் இங்கே உயிர். "படியோட்ட வேகம்"?

---

படியோட்ட வேகத்துக்கு என் ஆதரவு. வாசித்ததும் புரிகிறது.

---

எனக்கும் சம்மதம். இன்றிரவு கையேடு அச்சுக்குப் போக வேண்டுமே.

---

ஓடுவது பாலிமரேஸ், படி ஓடவில்லை. தேரோட்டம் என்றால் தேர் ஓடுகிறது, படியோட்டம் என்றால்? அச்சிடுங்கள், தடுக்கவில்லை. அடிக்குறிப்பில் "நீட்டல் விரைவு" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.