மிஸ்ஃபயர்: ‘பற்றவைப்புத் தவறு’ வேண்டாம், ‘எரிதப்பு’ எப்படி?

> இன்ஜின் மிஸ்ஃபயருக்குத் தமிழில் ‘பற்றவைப்புத் தவறு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

ஐயா, அந்தச் சொல் காரணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. படிப்பவர் நேரே பொறி விடும் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் கழற்றப் போவார். எரிய வேண்டிய முறை வந்தும் சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை எரியவில்லை, நடந்தது அவ்வளவுதான். பொறி வராமல் இருக்கலாம், கலவையை அழுத்தும் கம்ப்ரஷன் போயிருக்கலாம், உணரி (சென்சார்) தப்பான அளவைச் சொல்லிக் கலவையைக் கெடுத்திருக்கலாம். பட்டறையில் ‘மிஸ் அடிக்குது’ என்பது இதைவிடத் துல்லியம். என் பரிந்துரை: எரிதப்பு.

பழைய பெட்ரோல் வண்டியில் ஸ்கேனர் பி0303 என்ற கோளாறுக் குறியைக் காட்டினால், தப்புவது மூன்றாவது சிலிண்டர். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால் அதை ஒன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். குறி பி0301 ஆனால் காயில்தான். இங்கே உங்கள் சொல் பொருந்தும். பி0300 வந்தால், இன்ன சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறித் தப்புகிறது. காற்றளவு உணரியின் கம்பியில் அழுக்குப் படிந்தால் காற்றைக் குறைத்துச் சொல்லும், பெட்ரோலும் குறையும், மேடேறும்போது தப்பும். கூலன்ட் வெப்ப உணரி பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். இன்ஜின் சூடான பிறகும் ஆயிரக்கணக்கில் நின்றால், இன்னும் குளிர்தான் என்று ஈசியூ (இன்ஜினை நடத்தும் கணினி) பெட்ரோலைக் கொட்டும். பிளக் கரி பிடித்து நனையும். புதுப் பிளக் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும். பழி பிளக்கின் தலையில்!

> எரிதப்பே இல்லாமலும் குறி வருமே, அதற்கு?

வரும். ஈசியூ எரிவதைப் பார்ப்பதில்லை, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் சுழற்சியைத்தான் பார்க்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் 180 டிகிரிக்கு ஒரு எரிப்பு. கிராங்கோடு சுழலும், 60 பல்லில் இரண்டை விட்டுவைத்த சக்கரத்தில் பல்லுக்குப் பல் 6 டிகிரி. ஆக 30 பல் தூரத்துக்கு ஒரு தள்ளு. தள்ளு வராத இடத்தில் சக்கரம் கணநேரம் சுணங்கும், அந்தச் சுணக்கமே எரிதப்பாகப் பதிவாகிறது. ஒரு பல் வளைந்தாலோ, பற்களைப் படிக்கும் கிராங்க் உணரியின் காந்த முனையில் இரும்புத்தூள் ஒட்டினாலோ, முனைக்கும் பல்லுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய இடைவெளி கூடினாலோ, சுணங்காத சக்கரமும் சுணங்கியதாகத் தெரியும். இதைப் ‘பொய் எரிதப்பு’ எனலாம். ஆனால் அதே சிக்னலை வைத்துத்தான் பொறியின் நேரமும் கணக்காகிறது. கோளாறு முற்றினால் பொய் மெய்யாகிவிடும். சூட்டில் நின்று ஆறியதும் கிளம்புகிற வண்டியில் இந்த உணரியின் ஓமை, சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

> ‘தப்பு’ என்றால் குற்றம் என்று படிக்க மாட்டார்களா?

தாளம் தப்புகிறது, குறி தப்பியது என்கிறோமே. மழை பொய்ப்பதுபோல ‘எரிபொய்ப்பு’ என்றும் வைக்கலாம்தான், ஆனால் ‘பொய்’யை மேலே செலவழித்துவிட்டோம். வினையாகவும் இது வளையும்: ‘மூன்றாவது சிலிண்டரில் எரி தப்புகிறது.’ ‘பற்றவைப்புத் தவறு’ பொறி வராததற்கு மட்டும் இருக்கட்டும்.