வேலியோரத்துச் சிவப்புப் பழம்

முத்து (லீட்ஸ், இங்கிலாந்து): (படம்) காலை நடையில் எடுத்தது. வேலி நெடுக இப்படித்தான் காய்த்துத் தொங்குகிறது.

மேலூர் அத்தை: இலந்தையா? அந்தக் குளிரிலா?

முத்து: இலந்தை இல்லை அத்தை, ஹாதார்ன். ரோஜாக் குடும்பம். முள்ளில் மட்டும் இலந்தைக்கு இளைத்ததில்லை, கையைக் கீறிவிட்டது. ஒன்றைக் கடித்தேன். மாவு போலச் சதை, நடுவில் ஒரே கொட்டை. இந்த இனத்துக்கு அந்த ஒற்றைக் கொட்டைதான் அடையாளம்.

மேலூர் அத்தை: ருசி?

முத்து: வாடிப்போன ஆப்பிள். இங்கே சர்க்கரை போட்டுக் காய்ச்சி, கொட்டையை வடித்துவிட்டு ஜெல்லி செய்கிறார்கள்.

மேலூர் அத்தை: மிளகாய், புளி, வெல்லம், பெருங்காயம் சேர்த்து இடித்து இலந்தைவடை போலத் தட்டிக் காயவைக்கலாமே.

முத்து: வெயிலுக்கு எங்கே போவேன்?

உசிலம்பட்டி பெரியப்பா: வேலி என்றாயே. நட்டதா, தானாக முளைத்ததா?

முத்து: நட்டதுதான் பெரியப்பா. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பொது நிலங்களை அடைத்தபோது மைல் கணக்கில் நட்டிருக்கிறார்கள். அடியில் சந்து விழுந்தால் தண்டை அறுந்துபோகாமல் வெட்டிச் சாய்த்துவிடுவார்கள். சாய்ந்த தண்டும் துளிர்க்கும், வெட்டிய அடியும் துளிர்க்கும். ஆடு நுழையாது.

உசிலம்பட்டி பெரியப்பா: நம் கிளுவை வேலிதான். வரும்போது நான்கு விதை கொண்டுவா.

முத்து: குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். சில விதைகளுக்கு இரண்டு குளிர்காலம் வேண்டும். உங்கள் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

உசிலம்பட்டி பெரியப்பா: அதில் உன் பெரியம்மாவின் மல்லிகைக்கே இடமில்லை.

முத்து: இதுவும் மே மாதம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டும். ஆனால் வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று பழைய நம்பிக்கை. வாடை அப்படி: அழுகும் மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்திலமைன் என்ற வேதிப்பொருள் இந்தப் பூவிலும் இருக்கிறது.

மேலூர் அத்தை: இதயத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன். அண்ணனுக்கு ஒரு டப்பா அனுப்பு.

மீனா (மருந்துக்கடை): அம்மா, வேண்டாம். ஐரோப்பாவில் இதன் இலையையும் பூவையும் இதயத்துக்கான மூலிகையாகக் கொடுப்பது உண்மைதான். ஆனால் மாமா டைகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிடுகிறார். அதன் வேகத்தை இது கூட்டிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. போன மாதம் மருதம்பட்டைக் கஷாயம் குடித்ததையே மாமா டாக்டரிடம் சொல்லவில்லை.

உசிலம்பட்டி பெரியப்பா: அதை உனக்கு யார் சொன்னது?

மேலூர் அத்தை: நான் சொல்லவில்லை அண்ணே.

உசிலம்பட்டி பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

மேலூர் அத்தை: முத்து, ஜெல்லி ஒரு பாட்டில் எனக்கு அனுப்பு. நான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை.