கலைச்சொல்: 'இன்டைரக்ட் ரூல்' – மறைமுக ஆட்சியா, தலைமைவழி ஆட்சியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் காலனிகளில் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹாமில்டன்-கோர்டன் பற்றி நாம் எழுதும் கட்டுரையில் 'இன்டைரக்ட் ரூல்' (காலனியை அங்குள்ள தலைவர்களைக் கொண்டே ஆளும் முறை) வரும் இடங்களில் 'மறைமுக ஆட்சி' என்றே போடலாமே, மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் எல்லாம் புழக்கத்தில் உள்ளனவே என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. வரி விலைக்குள் ஒளிந்திருக்கிறது, அங்கே அந்தச் சொல் பொருந்தும். மறைமுக ஆட்சி என்றாலோ, திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டுவிப்பது என்றுதான் நம் வாசகர் எடுத்துக்கொள்வார்.

கோர்டன் பிஜியில் செய்ததைப் பாருங்கள். பிரதமராக இருந்த அபர்தீன் பிரபுவின் கடைசி மகன் அவர். டிரினிடாட், மொரீஷியஸ் ஆளுநர் பதவிகளை முடித்து 1875-இல் பிஜிக்கு வந்தபோது, அங்குள்ள தலைவர்கள் தீவுகளை பிரிட்டனிடம் ஒப்படைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. மாகாணத்துக்கு ஒரு 'ரோகோ துய்', அவருக்குக் கீழே வட்டாரத்துக்கு ஒரு 'ம்புலி' என்று உள்ளூர்த் தலைவர்களையே அரசு அதிகாரிகளாக்கினார். வரியைப் பணமாகக் கேட்கவில்லை. ஊர்கள் விளைவித்த கொப்பரை, பருத்தி போன்றவற்றை வாங்கி விற்று, வரிக்குப் போக மிஞ்சிய தொகையை அந்தந்த வட்டாரத்துக்கே திருப்பிக் கொடுத்தார். பெருந்தலைவருக்குச் செய்யும் சடங்கு மரியாதைகளைத் தாமும் ஏற்றுக்கொண்டார். எல்லாம் ஊரறிய நடந்தது. இதில் மறைவு எங்கே இருக்கிறது?

மாற்றாக 'இரட்டை ஆட்சி' வேண்டவே வேண்டாம். 1919 இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் நடந்த ஆட்சிக்கு அந்தப் பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

'தலைவர்வழி ஆட்சி' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிரிட்டிஷ் நிர்வாகி லுகார்ட் வட நைஜீரியாவை ஆண்டது அமீர்கள் வழியாக, மலாய் மாநிலங்களில் பிரிட்டிஷார் ஆண்டது சுல்தான்கள் வழியாக. அரசர்களான அவர்களைத் தலைவர் என்றால் சரியாக வராது. 'தலைமை' என்றால் எல்லாரும் அடங்குவார்கள். ஆகவே 'தலைமைவழி ஆட்சி'. கட்டுரையில் முதல்முறை வரும்போது மட்டும் 'உள்ளூர்த் தலைமைவழி ஆட்சி' என்று விரித்து எழுதலாம்.

இன்னொன்று. இந்த ஆட்சிமுறையைப் பாராட்டும் பத்தியிலேயே இந்தியக் கூலிகளை பிஜிக்கு முதலில் ஏற்றிவந்த லியோனிடஸ் கப்பலையும் சேர்க்க வேண்டும். பிஜியரின் நிலத்தையும் ஊர்வாழ்வையும் காத்த அதே ஆளுநர்தான், தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று 1879-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்தத் தமிழர்களின் கதை இங்கிருந்துதான் கிளைக்கிறது.

1883 முதல் 1890 வரை அவர் இலங்கை ஆளுநராக இருந்த பகுதிக்கு இந்தச் சொல் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஊவா, சப்ரகமுவ மாகாணங்கள் உருவானதை அங்கே எழுதினால் போதும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.