அட்டர்னி ஜெனரல்: ‘தலைமை வழக்கறிஞர்’ பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகள் பழைய கார் வாங்கி ஏமாந்துவிட்டாள். ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டி விற்றிருக்கிறார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள். “தலைமை வழக்கறிஞரிடம் புகார் கொடுத்திருக்கிறாள்” என்று அக்காளிடம் சொன்னேன். “அவ்வளவு பெரிய வக்கீல் எவ்வளவு கட்டணம் கேட்பாரோ!” என்று கவலைப்பட்டார். வந்த பதிலிலோ, தனி ஒருவருக்காக வாதாடுவதில்லை என்று தொடக்கத்திலேயே இருந்தது. குழப்பியது அக்காள் அல்ல, நான் சொன்ன சொல்.

நம் நாட்டில் அட்டர்னி ஜெனரலைக் குடியரசுத் தலைவரும், மாநில அட்வகேட் ஜெனரலை ஆளுநரும் நியமிக்கிறார்கள். இருவருக்கும் அரசுதான் கட்சிக்காரர். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே வியாபாரியின் மேல் புகார்கள் குவிந்தால், அட்டர்னி ஜெனரல் அந்த வியாபாரியிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். மாநிலத்தின் பெயரில் வழக்குத் தொடுத்து, ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரலாம். இதற்கு ஆளுநர் தலையசைக்க வேண்டியதில்லை.

மிசிசிப்பியில் நடந்ததைப் பாருங்கள். 1994-இல் அம்மாநில அட்டர்னி ஜெனரல் மைக் மூர் புகையிலை நிறுவனங்கள் மேல் வழக்குத் தொடுத்தார். புகைத்து நோயுற்ற ஏழைகளின் மருத்துவத்துக்கு மாநிலம் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டார். ஆளுநர் கிர்க் ஃபோர்டைஸ் வழக்கை நிறுத்தச் சொல்லி மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போனார், நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1997-இல் மிசிசிப்பி தனியாகச் சமரசம் செய்துகொண்டது. மறு ஆண்டு 46 மாநிலங்கள் செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு, 25 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 20,600 கோடி டாலர். சிகரெட் விளம்பரத்தில் கார்ட்டூன் உருவங்கள் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

இதை “ஆளுநர் வேண்டாம் என்றார், தலைமை வழக்கறிஞர் வழக்குப் போட்டார்” என்று எழுதினால், கட்சிக்காரரை மீறிய வக்கீலின் கதையாக அல்லவா படிக்கப்படும்?

இலங்கை வழக்கான ‘சட்டமா அதிபர்’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் நம் நாளிதழ்களில் அமெரிக்க ‘அதிபர் தேர்தல்’ செய்திக்குப் பக்கத்தில் ‘சட்டமா அதிபர் தேர்தல்’ வந்தால் வாசகர் பாவம். ‘சட்டத்தலைவர்’ என்று முன்மொழிகிறேன்.

* * *

ஐயா, வணக்கம்.

‘சட்டத்தலைவர்’ என்றதும் எனக்குச் சட்டப்பேரவைத் தலைவர்தான் நினைவுக்கு வருகிறார். அவசரத்தில் படிப்பவர் நடுச்சொல்லை விழுங்கிவிட்டதாக நினைப்பார். மக்கள் தேர்ந்தெடுப்பவர் என்பதால் ‘மக்கள் வழக்குரைஞர்’ எனலாமே?

* * *

அம்மா, பேரவைத் தலைவர் வந்து நிற்பார் என்று நான் நினைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மக்கள்’ என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டால் நியூ ஜெர்சியில் என்ன செய்வது? நம்மவர்கள் நிறைய வாழும் அந்த மாநிலத்தில் ஆளுநர்தான் இவரை நியமிக்கிறார். டென்னஸியில் மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கிறது. தேர்தல் என்பது பதவிக்கு வரும் வழி. பதவிப் பெயரில் அதைக் கட்டிவிட வேண்டாம். ‘வழக்குரைஞர்’ என்றாலோ அக்காளின் கட்டணக் கவலை திரும்பவும் வந்துவிடும்.

மாநிலம் தன் குடிகளுக்குப் பெற்றோர் போல் நின்று வழக்காடலாம் என்று அங்கே ஒரு பழைய சட்டக் கோட்பாடு உண்டு. நம் சட்ட நூல்களில் சிறாருக்காக வழக்காடுபவர் ‘காப்பாளர்’. அதிலிருந்து ‘சட்டக்காப்பாளர்’ என்று எடுத்தால்? விடுதிக் காப்பாளர் நினைவுக்கு வருவார்தான். ஆனால் அவரை யாரும் கட்டணம் வாங்கும் வக்கீல் என்று நினைக்க மாட்டார்கள்.

அக்காளிடம் நேற்று சொல்லிப் பார்த்தேன். “அப்படியென்றால் அரசாங்க ஆள்தானே, காசு கேட்க மாட்டார்” என்றார். இப்போதைக்கு இதையே எழுதப் போகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் இதே இழையில் இடுங்கள்.